ஃபங்ஷனுக்குள் ஸ்டேடிக் வேரியபிள்: எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற டவுன் பஸ்ஸுக்கு சி மொழியில் ஒரு டிக்கெட் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷனை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அடுத்த டிக்கெட் எண் வரவேண்டும். உள்ளே சாதாரணமாக இன்ட் எண் = 100 என்று போட்டு ஒன்றைக் கூட்டினால், கிரீன் சர்க்கிளில் ஏறினவருக்கும் 101, தொரப்பாடியில் ஏறினவருக்கும் அதே 101. ஏனென்றால் அந்த வேரியபிள் ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடுகிறது, அடுத்த முறை கூப்பிடும்போது மறுபடி 100-லிருந்து பிறக்கிறது.

இப்படி மாற்றுங்கள். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், டைப் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். கீவேர்டு எல்லாம் சின்ன எழுத்து.

இன்ட் டிக்கெட்(வாய்ட்)
{
    ஸ்டேடிக் இன்ட் எண் = 100;
    எண்++;
    ரிட்டர்ன் எண்;
}

இப்போது மூன்று முறை கூப்பிட்டால் 101, 102, 103. ஸ்டேடிக் வரியைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் 100 என்று திரும்ப வைக்குமே என்றுதான் பலரும் குழம்புகிறார்கள். வைக்காது. அந்த 100 மெயின் தொடங்கும் முன்பே ஒரே ஒரு தடவை வைக்கப்பட்டுவிடும், ஃபங்ஷன் ஓடும்போது அந்த வரிக்கு வேலையே இல்லை. மதிப்பே கொடுக்காமல் விட்டாலும் 0 என்றுதான் தொடங்கும், சாதாரண லோக்கல் வேரியபிள் மாதிரி குப்பை மதிப்பு இருக்காது.

இதில் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது, ஸ்கோப் (பெயர் எங்கே செல்லும் என்பது) வேறு, லைஃப்டைம் (வேரியபிள் எவ்வளவு நேரம் இருக்கும் என்பது) வேறு. ஸ்டேடிக் மாற்றுவது லைஃப்டைமை மட்டும்தான்: புரோகிராம் முடியும்வரை எண் உயிரோடு இருக்கும், ஆனால் அந்தப் பெயரை டிக்கெட் ஃபங்ஷனுக்கு வெளியே எழுதினால் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே குளோபலாகப் போட்டாலும் இதே விடை வருமே என்று கேட்பீர்கள். வரும், ஆனால் பத்து ஃபைல் இருக்கிற புராஜெக்டில் யாரோ ஒருவர் அதைத் தெரியாமல் மாற்றிவிட்டால் எங்கே மாறியது என்று தேடியே நாள் போய்விடும், அதனால் ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் தேவையான ஞாபகத்தை அதற்குள்ளேயே பூட்டி வைப்பதுதான் என் கட்சி.

அப்புறம், தொடக்க மதிப்பு கான்ஸ்டன்ட்டாக இருக்க வேண்டும். ஃபங்ஷனுக்கு வருகிற பாராமீட்டரையோ இன்னொரு ஃபங்ஷன் தரும் விடையையோ அந்த வரியில் வைத்தால், ஜிசிசி கம்பைலர் 'இனிஷியலைசர் எலிமென்ட் இஸ் நாட் கான்ஸ்டன்ட்' என்று நிறுத்திவிடும். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் காலேஜ் லேபில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: ஃபைலை சிபிபி என்ற எக்ஸ்டென்ஷனில் சேவ் செய்திருந்தால் அது சி பிளஸ் பிளஸ்ஸாக கம்பைல் ஆகும், அங்கே இது செல்லும், எர்ரர் வராது. பரீட்சைக்குப் போய் சி-யிலும் செல்லும் என்று எழுதிவிடாதீர்கள்.

ஃபங்ஷனுக்குள் ஒரு கேரக்டர் அர்ரே வைத்து அதன் முகவரியை ரிட்டர்ன் செய்ய வேண்டியிருந்தால் ஸ்டேடிக் போடாமல் முடியாது, போடாவிட்டால் ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் ஸ்டாக்கிலிருந்து (லோக்கல் வேரியபிள்கள் தற்காலிகமாக இருக்கும் மெமரி) போயிருக்கும், பாயின்டர் மட்டும் கையில் தொங்கும். ஸ்டேடிக் போட்டால் இடம் நிலைக்கும், ஆனால் இரண்டாவது முறை கூப்பிட்டதும் முதல் விடை அழிந்துவிடும், ஏனென்றால் இருப்பது ஒரே அர்ரே. முதல் விடை வேண்டுமென்றால் உடனே வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும் ரிகர்ஷனிலும் அப்படித்தான். எத்தனை ஆழம் போனாலும் எல்லா அழைப்புக்கும் ஒரே வேரியபிள்தான். எத்தனை தடவை கூப்பிட்டோம் என்று எண்ண அது நல்லது, ஆனால் மெயினிலிருந்து மறுபடி கூப்பிட்டால் பழைய எண்ணிக்கையிலிருந்துதான் தொடரும். இரண்டு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் சேர்ந்து ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் டிக்கெட் ஃபங்ஷனை ஓட்டினால் இன்னும் மோசம், ஒரே எண் இரண்டு பேருக்குப் போகலாம், அங்கே ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும்படி லாக் போட்டே ஆக வேண்டும்.

காலையில் பஸ் கிளம்பும்போது எண்ணை மறுபடி 100 ஆக்க வேண்டும், அல்லது இரண்டு பஸ்ஸுக்குத் தனித்தனி எண் வேண்டும் என்றால் ஸ்டேடிக்கை விட்டுவிடுங்கள். எண்ணை ஒரு ஸ்ட்ரக்சருக்குள் வைத்து, அதன் பாயின்டரை ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள். பஸ்ஸுக்கு ஒரு ஸ்ட்ரக்சர் என்று எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.