ஊர்க் கடற்கரையில் குடும்பப் படம்: கோடை விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஜூலை மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்தப் பழக்கத்தோடு யாழ்ப்பாணத்தில் போய் இறங்குகிறவர்கள் மத்தியானம் சாப்பிட்டு, ஒரு கண் தூங்கி, தேத்தண்ணி குடித்து, ஐந்தரை மணிக்கு வான் பிடித்து கசூரினா கடற்கரைக்கு வெளிக்கிடுவார்கள். காரைநகர் போய்ச் சேர ஆறே கால் ஆகிவிடும். பிள்ளைகள் உடுப்பு மாற்றித் தண்ணீரில் கால் வைக்கும்போது சூரியனும் கடலில் கால் வைத்திருக்கும்.

நாங்களும் முதல் தடவை அப்படித்தான் போனோம். அம்மம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு கையில் றப்பர் செருப்பும் மறு கையில் பேத்தியின் விரலுமாகக் கணுக்கால் தண்ணீரில் நின்றார். பேத்தி ஏதோ கேட்க, குனிந்து அவள் காதுக்குள் பதில் சொன்னார். என் கண் அதைப் பார்த்தது. வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் சாம்பல் நிறக் கடலுக்கு முன்னால் இரண்டு கறுத்த உருவங்கள். அடுத்த முறை நாங்கள் போனபோது அம்மம்மாவால் படலை வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வெளிச்சம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வடக்கில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சூரியன் காலை ஆறு மணியை ஒட்டி உதிக்கும், மாலை ஆறரையை ஒட்டி மறையும். மறைந்தபின் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். கனடாவிலோ நோர்வேயிலோ இருப்பதுபோல நீண்ட அந்தி இங்கே கிடையாது. ஆகவே படத்துக்கு ஏற்ற நேரம் காலையில் ஆறு முதல் ஏழரை, மாலையில் ஐந்து முதல் ஆறரை. நாலு மணிக்கே வீட்டிலிருந்து வெளிக்கிடுங்கள். மாமி ரோல்ஸ் பொரித்து முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், முதல் நாளே சொல்லி வையுங்கள்.

மத்தியான வெயிலை நம்பிப் போகாதீர்கள். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் உச்சிப்பொழுதுச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே நிற்கும். நிழல் காலடிக்குள் ஒதுங்கிவிடும், முகத்தில் கண்குழி இரண்டும் கறுக்கும், எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கமராவாக இருந்தாலும் இதைச் சரிசெய்யாது. அந்த நேரத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் சவுக்கு மர நிழலுக்குள் ஆட்களை இருத்தி எடுங்கள். நிழலின் உள்விளிம்பில் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி இருத்தினால், மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே முகத்துக்குப் போதும்.

அடுத்தது திசை. பலரும் இதை யோசிப்பதில்லை. திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, கல்லடி எல்லாம் கிழக்குப் பார்த்த கரைகள். அங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும், பின்னேரம் தரைப்பக்கம் போய்விடும். கடலோடு சூரியன் வேண்டுமென்றால் விடிய ஐந்தரைக்கு எழும்ப வேண்டியதுதான். பின்னேரம் போனாலும் குறையில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் மஞ்சள் வெயில், கடலுக்கு முதுகு காட்டி உங்களைப் பார்த்து நிற்பவர்களின் முகங்களில் பதமாக விழும், அந்த நேரத்தில் குடும்பப் படம் எடுப்பது மிகவும் சுலபம். கசூரினா வடக்குப் பார்த்த கரை. கடலைப் பார்த்து நின்றால் கோடையில் சூரியன் இடப்பக்கமாக இறங்கும். ஆட்களைக் கரையோடு வரிசையாக நடக்கவிட்டு எடுத்தால் ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் மெல்லிய நிழலும் விழுந்து படத்துக்கு ஆழம் வரும்.

கோடையில் கிழக்குக் கடல் ஏன் குளம்போலக் கிடக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மே முதல் செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது தரைப்பக்கமிருந்து கடலுக்கு வீசுகிறது. மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்பார்கள், யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பார்கள். மாரியில் வாடைக் காற்று தொடங்கினால் அதே கடல் மாறிவிடும். பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது. ஆகவே நீங்களும் கடலுக்குள் இறங்கி, கரையைப் பார்த்து எடுக்கலாம். பிள்ளைகளின் முகமும், பின்னால் தென்னைகளும், மணலில் துவாய் விரித்து இருக்கும் பெரியவர்களும் ஒரே சட்டத்துக்குள் வருவார்கள். பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் தலைமயிர்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் அந்த மாதங்களில் சோளகம் பலமாக வீசும். மயிர் பறக்கிறது, சேலை பறக்கிறது என்று சலித்துக்கொள்ளாமல் காற்றையும் படத்துக்குள் கொண்டுவாருங்கள். ஆள் காற்றைப் பார்த்து நின்றால் மயிர் பின்னுக்குப் போகும், முகம் திறக்கும். மணற்காட்டில் மட்டும் கவனம் தேவை. வடமராட்சிக் கிழக்கின் அந்த மணல்மேடுகளும், மணலுக்குள் புதைந்துபோன பழைய தேவாலயத்தின் சுவர்களும் காலை வெயிலில் மிகவும் அழகு. சாய்ந்த வெளிச்சத்தில்தான் காற்று மணலில் போட்ட வரிகள் தெரியும். ஆனால் அந்த மணல் மாவுபோல மெல்லியது. வெளியே வைத்து லென்ஸ் மாற்றாதீர்கள். போனின் கண்ணாடியில் மணல் இருந்தால் முதலில் ஊதித் தட்டிவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

குளிரூட்டிய வானிலிருந்து இறங்கியவுடன் கமராவை எடுத்தால் கண்ணாடியில் நீராவி படிந்து எல்லாம் பனிமூட்டம்போலத் தெரியும். எங்கள் குடும்பத்துக்கு இப்படி ஒரு காலைப்பொழுது முழுவதும் வீணானது. பதினைந்து நிமிடத்துக்கு முன்பே வானின் ஜன்னலைத் திறந்து விடுங்கள், அல்லது கமராவை மூடிய பொலித்தீன் பைக்குள் வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். கடற்கரையால் வந்த பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டால் உப்புப் படியாது.

வெள்ளை மணலிலும் மின்னும் தண்ணீரிலும் போன் ஏமாந்துபோகும். சுற்றிலும் பிரகாசமாக இருப்பதால் படம் முழுவதையும் இருட்டாக்கும், எங்கள் நிறத்து முகங்கள் இன்னும் கறுத்துப்போகும். திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுங்கள். வானம் சற்று வெளிறினாலும் பரவாயில்லை, அம்மம்மாவின் முகம் தெரிய வேண்டும். எல்லாரையும் உள்ளே கொண்டுவர அகலக் கோணத்துக்குப் போனால் ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் உடம்பும் இழுபட்டுப்போகும். அதனால் பெரியவர்களை நடுவில் விடுங்கள், அல்லது நீங்கள் நாலடி பின்னுக்குப் போங்கள்.

நெடுந்தீவு வேறு கதை. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலையில் போய்ப் பிற்பகலில் திரும்பும் பயணம் என்பதால் உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் உச்சி வெயில்தான். அங்கே நிழலைத் தேடித்தான் படம் எடுக்க வேண்டும். பருத்த அடியுள்ள பெருக்கு மரத்தின் பொந்துக்குள் பிள்ளைகளை நிற்கவிட்டு வெளியிலிருந்து எடுங்கள், மரத்தின் பருமனும் பிள்ளையின் அளவும் ஒன்றாகத் தெரியும். பவளக்கல் அடுக்கிய மதில்களுக்கு மட்டும் மத்தியான வெயிலும் பொருந்தும், ஒவ்வொரு கல்லின் துளையும் தெளிவாக விழும். நெடுந்தீவின் காட்டுக் குதிரைகள் தண்ணீருக்காக அலையும் கோடைக்காலம் அது. பாண் துண்டு காட்டிக் கிட்டக் கூப்பிடாதீர்கள், ஓடவிட்டுப் படம் எடுக்க விரட்டாதீர்கள். தூரத்தில் இருந்தே எடுங்கள், வெட்டவெளியில் அவை சிறிதாகத் தெரிவதுதான் நெடுந்தீவுக்கு அழகு.

பூநாரைக் கூட்டம் பார்க்கலாம் என்று ஓகஸ்டில் மன்னாருக்கு ஓடாதீர்கள். பெருங்கூட்டம் மாரிக்காலத்தோடுதான் வரும். கோடைக்குப் பனை இருக்கிறது. ஆவணியில் காலையில் பனங்கூடலுக்குள் போனால் இரவில் விழுந்த பழம் கிடக்கும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை முதல் தடவையாகப் பனம்பழத்தைத் தூக்கி முகரும்போது வரும் முகபாவம் இருக்கிறதே, அதை ஒருவரும் சொல்லிக்கொடுத்து நடிக்க வைக்க முடியாது. கமராவைத் தயாராக வைத்திருங்கள்.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அது 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், நுழைவுச்சீட்டு எடுத்துத்தான் போக வேண்டும். தண்ணீருக்குள் படம் எடுக்கும் அவசரத்தில் முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறையில், ஏறி நிற்காதீர்கள், அது உயிருள்ளது. உடைந்த துண்டையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. படம் எடுக்கிறவர் பிள்ளைகளுக்குக் காவல் இல்லை. திரையைப் பார்க்கும் கண்ணுக்குத் திரைக்கு வெளியே போன பிள்ளை தெரியாது. கமரா இல்லாத ஒரு பெரியவர் முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். கமராவையும் மாற்றுங்கள். எங்கள் வீட்டு அல்பங்களில் பத்து வருடமாக அப்பா இல்லை, ஏனென்றால் படம் எடுத்தவர் அவர்.

கரையில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். விடியக் கரைவலை இழுக்கும் இடங்களில் வலையின் மடி கரைக்கு வரும் நேரம் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அது அவர்களுடைய அன்றைய சாப்பாடு. முதலில் மீனவர் தங்கும் வாடிக்குப் போய், "ஐயா, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓம் என்பார்கள், சிலர் மீனைத் தூக்கியும் காட்டுவார்கள். வேண்டாம் என்றால் கமராவை உள்ளே வைத்துவிட்டுக் கயிற்றில் கை கொடுங்கள். கீரிமலையில் ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்துப் பிதிர்க்கடன் செய்கிறவர்களை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள்.

ஊரில் இருக்கும் மச்சாள்மார் நனைந்த உடுப்போடு நிற்கும் படத்தை வெளியே போடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். நீங்கள் மூன்று கிழமையில் திரும்பிவிடுவீர்கள், அவர்கள் அந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும்.

கடற்படை முகாம், சோதனைச்சாவடி, படையினர், விமானநிலையம் ஆகியவற்றின் பக்கம் கமராவைத் திருப்பக் கூடாது. வடக்கில் பல கரைகளுக்குப் பக்கத்தில் முகாம் இருக்கிறது, பின்னணியில் விழுகிறதா என்று பாருங்கள். ட்ரோனுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் கொண்டு போகாதீர்கள். நயினாதீவு விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது பெரிய வில்லங்கத்தில் முடியலாம்.

முள்ளிவாய்க்காலுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போவீர்கள், போகத்தான் வேண்டும். அந்த மணலும் நீலக் கடலும் அழகாகத்தான் இருக்கும். அங்கே பிள்ளைகளைச் சிரித்து நிற்கச் சொல்லாதீர்கள். ஒரு படம் வேண்டுமென்றால் கடலை மட்டும் எடுங்கள். உடுத்துறையில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் போனவர்களின் நினைவிடத்திலும் அப்படித்தான்.

ஒவ்வொரு இரவும் படங்களை இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். திரும்புவதற்கு மூன்று நாள் முன்பு இருபது படங்களைத் தெரிந்தெடுத்து, யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ஸ்டூடியோவில் தாளில் எடுங்கள். அனுப்பி வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்த படங்கள் எதுவும் போய்ச் சேர்வதில்லை. பின்பக்கத்தில் இடத்தையும் தேதியையும் பேனாவால் எழுதுங்கள். இரண்டாம் தடவை போனபோது கசூரினாவில் சித்தியும் பிள்ளைகளும் நிற்கும் படத்தை நாங்கள் அப்படி எடுத்துக் கொடுத்தோம். அம்மம்மா கட்டிலில் இருந்தபடியே கண்ணாடி போட்டு ஒவ்வொரு முகமாகப் பெயர் சொன்னார். பிறகு அதை அலுமாரிக் கண்ணாடியின் சட்டத்தில், தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் செருகச் சொன்னார். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.