பேஸ் கிட்டார் இரைந்தால் முதலில் நெக்கைப் பாருங்கள்

என் நாலு ஸ்ட்ரிங் பேஸில் தடித்த ‘ஈ’ ஸ்ட்ரிங்கை முதல் நாலைந்து ஃப்ரெட்டுக்குள் (ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) எங்கே அழுத்தினாலும் ‘ஜிர்ர்’ என்று உரசும். நானும் பிரிட்ஜில் (உடல் பக்கம் ஸ்ட்ரிங்குகள் முடியும் இடம்) ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடிலை ஏற்றிக்கொண்டே போனேன். இரைச்சல் ஓரளவு அடங்கியது. ஆனால் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் அழுத்தினால் விரல் வலித்தது. கடைசியில் பார்த்தால் நெக் பின்பக்கமாக வளைந்திருந்தது. அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் நெக், அப்புறம் ஸ்ட்ரிங் உயரம், பிறகு இன்டோனேஷன் (எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுருதி சரியாக இருப்பது).

வழக்கமாகப் போடும் அதே தடிமனில் புது ஸ்ட்ரிங் மாட்டி, சுருதி சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கைச் சுமார் 70, 80 கிலோ விசையோடு இழுக்கின்றன. அந்த இழுப்பு இருக்கும்போது அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

‘ஈ’ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். 7, 8ஆம் ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்குக் கீழே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் வேலை சுலபம். இடைவெளியே இல்லையென்றால் நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றுக்கு எதிராகத் தளர்த்துங்கள். அதிகமாக இருந்தால் கடிகாரச் சுற்றில் இறுக்குங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். மரம் மெதுவாகத்தான் அசையும்; மறுநாள் இன்னொரு முறை அளப்பது என் வழக்கம். ட்ரஸ் ராடைத் திருப்பும் ஆலன் கீ (ஆறு பக்கச் சாவி) துளியும் ஆடாமல் பொருந்த வேண்டும். அங்குல அளவுத் துளையில் மில்லிமீட்டர் கீயைச் செருகினால் உள்ளே முனை மழுங்கிவிடும், அதன்பின் அந்த நெக்கைச் சரிசெய்வது பெரும்பாடு. திருப்பும்போது முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நெக் சரியானதும் 17ஆம் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங் உயரத்தை அளங்கள். ‘ஈ’க்கு 2.4 மி.மீ., ‘ஜி’க்கு 2 மி.மீ. வைத்துத் தொடங்கலாம். பலமாக இழுத்து வாசிப்பவர் என்றால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்டோனேஷனுக்கு, 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) சுருதியையும் அழுத்தி வாசித்த சுருதியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலை நெக்கை விட்டு விலகும்படி பின்னால் தள்ளுங்கள், இறங்கி நின்றால் முன்னால். நகர்த்தும் முன் ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிடுங்கள். கிட்டாரை வாசிக்கிற மாதிரி மடியில் வைத்தே அளங்கள். மேஜையில் படுக்க வைத்தால் அளவு சற்று மாறும்.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்ற பொட்டென்ஷியோமீட்டருக்குள் கான்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து இருபது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். கேபிள் செருகும் ஜாக் ஆடினால் நட்டை வெளியிலிருந்து மட்டும் முடுக்காதீர்கள். ஜாக்கும் கூடவே சுழன்று உள்ளே ஒயரை முறித்துவிடும். தகட்டைக் கழற்றி, ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டு முடுக்குங்கள்.