கால் புண் திடீர்னு மோசமானா என்ன செய்யணும், ஒக்சிஜன் சேம்பர் எப்ப உதவும்?

கவ்வாத்து கத்தி பட்டு கால் வெட்டுப்படுறது, அட்டை கடிச்ச எடத்த சொறிஞ்சு புண்ணாக்கிக்கிறது எல்லாம் தோட்டத்துல சகஜம், மஞ்சள வச்சிக்கட்டிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போயிருவோம். முக்காவாசி ஆறிரும். ஆனா சிலருக்கு, முக்கியமா சீனி வருத்தம் உள்ளவங்களுக்கு, கிருமி தோலுக்குக் கீழ எறங்கி மணிக்கணக்குல சதைய அழுக வச்சிரும்.

எப்படி கண்டுபிடிக்கிறது? புண் சின்னதா தெரியும், வலி மட்டும் உயிர் போகும், பெனடோலுக்கெல்லாம் அடங்காது. செவந்த எடத்தோட ஓரத்துல போல்பொயின்ட் பேனாவால கோடு போட்டு பக்கத்துலயே நேரத்த எழுதி வைங்க, கொஞ்ச நேரத்துல செவப்பு கோட்ட தாண்டிச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு கெளம்பணும். தோல் ஊதாவா கறுக்குறது, தண்ணிக் கொப்புளம், தொட்டா உள்ள நரநரங்குறது, காய்ச்சலோட பேச்சு கொழம்புறது, இதுல ஒன்னு இருந்தாலும் கோட்டுக்காக காத்திருக்காதீங்க. இன்னொன்னு, துடிச்ச கால் திடீர்னு மரத்துப்போனா சொகமாயிருச்சுன்னு நெனைக்க வேணாம், அங்க நரம்பு செத்திருக்கலாம்.

1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். டிஸ்பென்சரி தொரைகிட்ட துண்டு வாங்கணும்னு விடியிற வரைக்கும் உக்காந்திருக்க வேணாம். நுவரெலியாவோ பதுளையோ கண்டியோ, சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரி தான் வேணும். குடிக்கிற மருந்து எல்லாத்தையும் ஒரு பேக்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, வழியில பசிக்குதுன்னு சாப்பிடக் குடுக்காதீங்க, உடனே தியேட்டருக்கு எடுக்க வேண்டி வரலாம்.

அங்க செத்த சதைய வெட்டி எடுப்பாங்க, ரத்த நாளம் வழியா அன்டிபயடிக் ஏத்துவாங்க, மறுநாளும் தியேட்டருக்கு கொண்டுபோவாங்க. இவ்வளவு வெட்டணுமானு கையெழுத்து போடாம இழுத்தடிக்கிற சொந்தக்காரங்க தான் இந்த வருத்தத்துல பெரிய ஆபத்து, என்னைய கேட்டா.

ஒக்சிஜன் சேம்பர்ங்கிறது ஆள உள்ள வச்சு காத்தழுத்தத்த ஏத்துற மூடின அறை, இதுக்கெல்லாம் மேலதிகமா குடுக்குற வைத்தியம். நாம மூச்சு விடுற காத்துல 21 வீதம் தான் ஒக்சிஜன், சேம்பருக்குள்ள சாதாரண காத்தழுத்தத்த விட ரெண்டு, மூனு மடங்கு அழுத்தத்துல சுத்தமான ஒக்சிஜன இழுக்கும்போது ரத்தத் தண்ணியிலயே அது கரைஞ்சு, ஓட்டம் கொறைஞ்ச சதைக்கும் போய்ச் சேரும். கிருமியக் கொல்ற வெள்ளை அணுவுக்கு அந்த ஒக்சிஜன் தேவை, கேஸ் கேங்ரின், அதாவது சதைக்குள்ள காத்து உண்டாகி அழுகுற வருத்தம், அதோட கிருமி விடுற நஞ்சும் கொறையும். 1960கள்ல நெதர்லாந்து டொக்டர்மார் இத பாவிக்கத் தொடங்கினாங்க. ஆனா ஆள்கள ரெண்டு பிரிவா பிரிச்சு நல்லா ஒப்பிட்டுப் பாத்த ஆராய்ச்சி இன்னும் போதாது, அதனால சேம்பர தேடி தூர ஊருக்கு ஓடி ஒபரேஷன பிந்த விடக்கூடாது. மொத வெட்டு முடிஞ்சு ரத்த பிரஷர் நெலையா நின்னதுக்கப்புறம், “அனுப்பலாமா, வழி தாங்குவாரா”னு சர்ஜன்கிட்டயே கேளுங்க.

போறதா முடிவானா, நெஞ்சுக்குள்ள காத்து அடைச்ச வருத்தம், வலிப்பு, காது ஒபரேஷன் ஏதும் இருந்துச்சா, சொல்லிருங்க. ஒரு தடவைக்கு ஒன்றரை மணித்தியாலம் போல ஆகும், மொத நாள்கள்ல ஒரே நாள்ல ரெண்டு மூனு தடவையும் வைப்பாங்க. அழுத்தம் ஏறும்போது, மேட்டு ரோட்டுலருந்து பஸ் கீழ எறங்குறப்ப அடைக்குமே, அதே மாதிரி காது அடைக்கும், எச்சி முழுங்கணும். லைட்டர், போன், தலைக்கு வச்ச தேங்காண்ண எதுவும் ஆகாது, நெருப்பு பயம், அங்க குடுக்குற பருத்தி உடுப்பு மட்டும் தான். சீனி உள்ளவங்களுக்கு உள்ள இருக்கும்போது சீனி எறங்கலாம், அதனால உள்ள போறதுக்கு முன்னாடியும் வந்த பிறகும் குத்திப் பாக்கச் சொல்லுங்க.