மாதிரி ரயில் பாதைக்கு ஜல்லி இடும்போது

1:87 அளவில் ரயில் பாதை அமைக்கும் நண்பர்கள் பலர் ஜல்லியை மிகப் பெரிதாக இட்டுவிடுகிறார்கள். உண்மைப் பாதையின் 50 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி இந்த அளவில் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர்தான் என்பதால், எம்-சாண்டைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, பெரிய மணிகளை ஒதுக்கி, மீதியை நீரில் அலசித் தூசி நீக்கி வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு அதன்மேல் ஒரு காந்தத்தைக் கட்டாயம் நகர்த்துங்கள். ஒட்டிவரும் இரும்புத் துகள்கள் பின்னாளில் என்ஜினின் மோட்டாருக்குள் புகுந்துவிடக்கூடியவை. மெரினா மணல் வேண்டாம், அதன் உப்பு தண்டவாளத்தை அரிக்கும்.

ஜல்லியைத் தூரிகையால் சிலீப்பர் கட்டைகளுக்கு இடையே பரப்பியபின், பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு துளி கலந்த நீரை மெல்லத் தெளித்து நனைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்தாக உருண்டு, பரப்பிய மணிகளையும் கலைத்துவிடும். அதன்பின் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்துச் சொட்டுக்குழாயால் விடுங்கள். சென்னையின் ஐப்பசி மழைக்காலத்தில் முழுதாய் உலர இரண்டு நாள்கூட ஆகலாம்.

நீராவி என்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடத்தில் மட்டும் சிறிது கரித்தூளையும் சாம்பலையும் தேய்த்துவிட்டால், அந்தக் காலத்துப் பாதையின் கறை அப்படியே அமையும்.