ஃபைபர் வயர் வாங்கும் முன் முனையின் நிறத்தைப் பாருங்கள்

வீட்டு இன்டர்நெட்டுக்குப் புது பேட்ச் கார்டு (patch cord, மோடத்தில் செருகும் சிறு ஃபைபர் வயர்) வாங்கச் சென்னை பாரிமுனைக்குக் கிளம்பும் முன், பழைய வயரின் இரண்டு முனைகளையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பச்சை என்றால் ஏபிசி (APC), நீலம் என்றால் யூபிசி (UPC). இவை முனையின் இரண்டு வகைகள். ஒரே வயரில் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம் என்றும் வரும். அதனால்தான் இரண்டு முனையும்.

பச்சை முனையில் இழையின் நுனி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி வந்த வழியே போகாமல் பக்கவாட்டில் வெளியேறிவிடும். நீலத்தில் அந்தச் சாய்வு கிடையாது. பச்சையும் நீலமும் ஒன்றுக்கொன்று செருகிக்கொள்ளும், ஆனால் நடுவே இடைவெளி விழுந்து சிக்னல் குறையும், நுனியும் கீறலாம். "எதுவானாலும் செட் ஆகும்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் லாரித் தூசு அதிகம். செருகும் நொடி வரை முனையின் மூடியைக் கழற்ற வேண்டாம்.

இந்த நிறக் கணக்கு வீடுகளுக்கு வரும் சிங்கிள்மோடு வகை ஃபைபர் வயருக்குத்தான். அலுவலகங்களில் இருக்கும் மல்டிமோடு என்ற இன்னொரு வகைக்கு வேறு நிறங்கள். அப்புறம், கம்பத்திலிருந்து வரும் வயரே அறுந்திருந்தால் பேட்ச் கார்டு மாற்றிப் பயனில்லை. லைன்மேன் வந்து ஸ்ப்ளைஸ் செய்தால்தான், அதாவது அறுந்த இழையை ஒட்டி இணைத்தால்தான், சரியாகும்.