டயர் விளக்கை அணைப்பதற்கு முன்: டிபிஎம்எஸ் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். மாமா வண்டியை ஸ்டார்ட் செய்ததுமே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் டிபிஎம்எஸ் அமைப்பின் விளக்கு அது. இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நாலு டயரும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. "குளிருக்கு எரியுது" என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த செட் பட்டனை அமுக்கிப் பிடித்தார். விளக்கு அணைந்துவிட்டது.

திண்டிவனத்தில் காபிக்கு நிறுத்தியபோது இடது பக்கப் பின் டயரில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். அவ்வளவு சூடு. காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் வெறும் 19 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு). டயரில் ஒரு ஆணி. பின் சீட்டில் அத்தையும் இரண்டு குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து கார் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் இந்த விளக்கைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை.

அந்த செட் பட்டன் டயருக்குக் காற்று அடிப்பதில்லை. "இப்போது இருக்கிற நிலைதான் சரியான நிலை, இதையே மனதில் வைத்துக்கொள்" என்று வண்டிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. மாமாவின் வண்டியில் இருப்பது மறைமுக வகை டிபிஎம்எஸ். அதில் டயருக்குள் காற்றை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காகச் சக்கரங்களில் ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார்களைத்தான் அது பயன்படுத்துகிறது. காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கும், அதன் சுற்றளவு ஒரு இழை குறையும், அதனால் மற்ற மூன்றைவிடச் சற்று வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் விளக்கு எரிகிறது. காற்று குறைந்திருக்கும்போதே பட்டனை அமுக்கினால், குறைந்த காற்றையே சரியென்று வண்டி கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு இன்னும் நன்றாக இறங்கினால்தான் மறுபடி எரியும். ஆகவே முதலில் நாலு டயரிலும் அளந்து காற்றைச் சரிசெய்யுங்கள், அப்புறம் பட்டனைத் தொடுங்கள். டயர் மாற்றினாலும், சக்கரங்களை முன்பின் மாற்றிப் போட்டாலும் இதே வரிசைதான்.

உங்கள் வண்டியில் எந்த வகை? திரையில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக எண் தெரிந்தால் நேரடி வகை. அதில் ஒவ்வொரு ரிம்முக்குள்ளும், வால்வின் அடிப்பகுதியை ஒட்டி ஒரு சென்சார் இருக்கும். அது அளந்து ரேடியோ அலை மூலம் அனுப்பும். வெறும் விளக்கும் செட் பட்டனும் மட்டும் என்றால் பெரும்பாலும் மறைமுக வகை. மறைமுக வகையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஆணி எதுவும் ஏறாமலே டயர்கள் மாதத்துக்கு 1 அல்லது 2 பிஎஸ்ஐ இழக்கும். நாலு டயரும் ஒரே அளவில் இறங்கினால், ஒப்பிட்டுப் பார்க்க வித்தியாசமே இருக்காது. அதனால் பல வண்டிகளில் விளக்கு எரியாமலே போய்விடும்.

"விளக்குதான் இருக்கிறதே, எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பது அடுத்த தவறு. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்த பிறகு, 2000-இல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. அதன்படி வந்த விதி, காற்று பரிந்துரை அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்கிறது. 33 பிஎஸ்ஐ வைக்க வேண்டிய டயரில் அது ஏறத்தாழ 25. அப்படியென்றால் 27-இல் ஓடும்போது விளக்கு எரியாமல் இருக்கலாம், அது விதிப்படியும் சரிதான். ஆனால் 27 பிஎஸ்ஐ, சித்திரை வெயில், அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான், நாலுவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகம் என்று யோசித்துப் பாருங்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கலில்தான் சூடு பிறக்கிறது, சூட்டில் உள்ளே இருக்கும் இழைகள் ரப்பரை விட்டுப் பிரிகின்றன. டயர் வெடிப்பதற்கு இது முக்கியமான காரணம்.

ஆகவே மாதம் ஒருமுறை, நெடும்பயணத்துக்கு முன் ஒருமுறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் சொந்த கேஜில் அளந்துவிடுங்கள். காலையில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடிய டயரில் சூட்டினால் 3, 4 பிஎஸ்ஐ கூடியிருக்கும். பைபாஸில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு பங்க்கில் நிறுத்தி சரியாக 33 வைத்தால், மறுநாள் காலையில் 29-தான் இருக்கும். அதேபோல, ஓடும்போது திரையில் 37 என்று காட்டுகிறதே என்று பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். கம்பெனி சொல்லும் எண் ஆறிய டயருக்கானது. அந்த எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ, பெட்ரோல் மூடியின் உட்பக்கத்திலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைக்கக் கூடாது.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். அங்கே காலையில் விளக்கு எரிந்தால் உடனே பஞ்சர் கடையைத் தேட வேண்டாம், கேஜில் அளந்து பாருங்கள். குளிரில் டயருக்குள் அழுத்தம் குறையும். ஆனால் 2,200 மீட்டருக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு. அதனால் கையில் இருக்கும் கேஜ் 3 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். சில நேரடி வகை சென்சார்கள் இந்த உயர வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகையால் திரையும் கேஜும் ஒத்துப்போகாது. அளக்காமலே "குளிர்தான்" என்று முடிவுகட்டுவதுதான் ஆபத்து. மாமா செய்ததும் அதுவே.

விளக்கு தொடர்ந்து எரியாமல், ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் மினுங்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், பெரும்பாலான வண்டிகளில் அதற்குப் பொருள் வேறு. கோளாறு டிபிஎம்எஸ்ஸில். நேரடி வகையில் சென்சாரின் பேட்டரி 5 முதல் 10 வருடத்தில் தீர்ந்துபோகும். பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். சென்சார் இல்லாத ஸ்டெப்னியைப் போட்டிருந்தாலும் இப்படி வரும். ஸ்டெப்னியில் காற்று இறங்கியிருந்தால் பெரும்பாலும் எந்த விளக்கும் சொல்லாது, அதையும் நீங்கள்தான் அளக்க வேண்டும்.

பஞ்சர் கடையில் டயரை ரிம்மிலிருந்து கழற்றுவதற்கு முன், "அண்ணே, வால்வு பக்கம் சென்சார் இருக்கு, பார்த்துக் கழட்டுங்க" என்று சொல்லிவிடுங்கள். டயர் கழற்றும் மெஷினின் முனை அந்த இடத்தில் பட்டால் சென்சார் உடைந்துவிடும். டயருக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் சென்சாரின் துளையை அடைக்கக்கூடும், சென்சாருக்கு ஒத்துக்கொள்ளும் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். அழகுக்காக உலோக வால்வு மூடி போடுவதையும் விட்டுவிடலாம். அலுமினிய வால்வில் அது அரித்துப் பிடித்துக்கொண்டால், முறுக்கும்போது வால்வோடு சேர்த்து உடையும். கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் மூடியே போதும்.