கையைக் கடிக்காமல் கிராண்ட் பே: விமான நிலையத்திலிருந்து பேருந்தில் போவது எப்படி?

மொரிஷியஸுக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒருநாள் கிராண்ட் பே என்கிற கடற்கரை ஊரில் போய் நிற்பார்கள். நான் இங்கே ரோஸ் ஹில் ஊரில் தங்கி வேலை பார்ப்பதால் "அண்ணா, டாக்சிக்கு ஆயிரக்கணக்கில் கேக்குறாங்க, வேற வழியே இல்லையா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்காத தம்பி கிடையாது. வழி இருக்கிறது. விமான நிலையம் தீவின் தென்கிழக்கில், கிராண்ட் பே வடக்கில். ஆனாலும் இரண்டு பேருந்தில், மொத்தம் நூறு மொரிஷியஸ் ரூபாயை ஒட்டிய செலவில் போய்விடலாம். விசா, தங்குமிட முன்பதிவு எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படி 1: சில்லறை

ஏடிஎம் பெரிய நோட்டாகத்தான் தரும், அதை நீட்டினால் கண்டக்டர் முகம் மாறிவிடும். விமான நிலையத்திலேயே தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி நோட்டை உடைத்துக்கொள்ளுங்கள். அப்படியே கையில் வரும் நோட்டைத் திருப்பிப் பாருங்கள், தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். நூறு ரூபாயில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், இங்கத்தித் தமிழர். 1998இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் கிளப்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சரி, பேருந்துக்கு வருவோம்.

படி 2: போர்ட் லூயிஸ் வரை

பக்கத்து ஊரான மாயேபூரிலிருந்து கியூர்பிப் வழியாகத் தலைநகர் போர்ட் லூயிஸ் போகும் பேருந்து விமான நிலையத்திலும் நிற்கும். சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப் பைதான் என் கட்சி. இந்தப் பேருந்துகளில் பெட்டி வைக்கத் தனி இடம் கிடையாது, மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள், நடுவழியில் பரிசோதகர் ஏறுவார்.

படி 3: பேருந்து மாறுவது

இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான். போர்ட் லூயிஸில் பேருந்து நிலையம் இரண்டு. தெற்கிலிருந்து வருகிற வண்டி உங்களை விக்டோரியாவில் இறக்கிவிடும், வடக்கே போகிற வண்டி கிளம்புவதோ இமிக்ரேஷன் ஸ்கொயரில். விக்டோரியாவில் நின்றுகொண்டு எத்தனை மணி நேரம் தேடினாலும் கிராண்ட் பே பலகை கண்ணில் படாது. அந்த முழியைப் பார்த்ததுமே "பஸ் இல்லை, வாங்க" என்று ஒரு டாக்சிக்காரர் பக்கத்தில் வந்து நிற்பார். நம்பாதீர்கள், நடங்கள். துறைமுகம் இடது கைப்பக்கம் இருக்கும்படி வடக்கே போனால் பனைமரங்கள் வரிசையாக நிற்கும் பிளாஸ் தார்ம் சதுக்கம் வரும், அதைத் தாண்டினால் மத்தியச் சந்தை, இன்னும் கொஞ்சம் போனால் நிலையம். பையோடு மெதுவாக நடந்தாலும் கால் மணி, இருபது நிமிடம். சந்தையில் ஒரு ஜோடி தால் பூரியும் ஒரு ஆலூடாவும் (குளிர்ந்த பால் பானம்) முடித்துவிட்டால் மதியச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். நிலையத்தை ஒட்டித்தான் ஆப்ரவாசி காட் இருக்கிறது, ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களைக் கப்பலிலிருந்து இறக்கிய இடம், 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். நேரமிருந்தால் எட்டிப் பாருங்கள்.

கிராண்ட் பேக்கு எக்ஸ்பிரஸ் எது என்று கேட்டு ஏறுங்கள். சாதாரண வண்டி திரியோலே வழியாக ஊர் ஊராக நின்று போகும்.

படி 4: எங்கே தங்குவது?

கடலோரச் சாலையில் வேண்டாம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி பெரேபேர் இருக்கிறது, அங்கே உள்தெருக்களில் சமையலறையோடு ஸ்டூடியோ அறைகள் கிடைக்கும். குளிக்கவும் பெரேபேர்தான், இல்லாவிட்டால் மோன் ஷுவாசி கடற்கரை. கிராண்ட் பே நடுவில் கடல் முழுக்கப் படகு, பார்க்க அழகு, அவ்வளவுதான். பவளத் துண்டும் கடல் முள்ளெலியும் காலைப் பதம் பார்க்கும் என்பதால் ரப்பர் செருப்பை நம்பாமல் தண்ணீரில் போடும் ஷூவை ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள். பிளக் அடாப்டரும்தான், இங்கே பிரிட்டிஷ் மூன்று முனை.

ஊர் முனையில் கடற்கரைச் சாலையிலேயே சூர்ய உதய சங்கம் என்கிற தமிழ்க் கோவில் இருக்கிறது. அங்கே வணக்கம் சொன்னால் வணக்கம் வரும், அதற்கு மேல் தமிழில் தொடர்ந்தால் பலர் சிரித்துக்கொண்டே இங்கத்திப் பேச்சுமொழியான கிரியோலுக்குப் போய்விடுவார்கள். பெரியவர்களை தோந்தோன் (மாமா), தாந்தீன் (அத்தை) என்று கூப்பிடுங்கள், வழி கேட்டால் கூடவே வந்து காட்டுவார்கள்.

பின்சேர்க்கை: மாலை விமானத்தில் வருகிறவர்கள் என்ன செய்வது என்று கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார்கள். இங்கே இருட்டினால் பேருந்து சீக்கிரம் அடங்கிவிடும், இரண்டு வண்டி மாறிப் போகிற கணக்கு சரிவராது. அன்று இரவு மாயேபூரில் மலிவான விடுதியில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள், திங்கட்கிழமையாக இருந்தால் அங்கே சந்தை நாள் வேறு. ஞாயிறன்று வண்டிகள் குறைவு, போர்ட் லூயிஸில் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும், கையில் ஏதாவது தின்பண்டம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது வார நாள் காலை என்றால் போர்ட் லூயிஸ் நுழைவில் நெரிசல் நகரவே விடாது. விமான நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கூட இரண்டு மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்கள்.